படியேறி வந்த குரல்

ஒரு மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்க ஒரே ஒரு குறை போதும். அந்த ஒரு குறை கிடைக்காமல் பெப்பாங் ஒரு வாரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மகள் ரிசலின் குண்டைத் தூக்கிப் போட்டதிலிருந்து அவளுக்கு இதே வேலை. "அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆர்வினும் அவங்க அப்பாவும் நம்ம வீட்டுப் படியேறி வராங்க" என்றாள் ரிசலின், உப்பை இப்படித் தள்ளு என்கிற தொனியில். படியேறி வருவதென்றால் மணிலாவை ஒட்டிய தைதாய் ஊரில் ஒரே அர்த்தம்தான். பமன்ஹிகான். பையன் வீட்டார் பலகாரத்தோடு வந்து முறைப்படி பெண் கேட்பது. ஜூனில் கல்யாணம் வைக்க வேண்டுமாம். மே மாதம் பிறந்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அவசரமாக விற்கிறவனிடம் சரக்கு வாங்காதே என்பது சந்தை வேதம். பெப்பாங் விசாரித்தாள். பையன் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். குடியில்லை. சேவல் சண்டைக்குப் போவதில்லை. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறான். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருந்தால் மடிப்பைப் பிரித்து உள்தையலைப் பார்க்க வேண்டாமா? அப்பன்காரனைப் பற்றிக் கேட்டால், "மண்டாலுயோங்ல ஏதோ ஆபீஸும்மா" என்றாள் ரிசலின். அந்த 'ஏதோ' பெப்பாங்கின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

ஞாயிறும் வந்தது. காலையில் சந்தையில் துணிக்கடையைத் திறந்து மத்தியானம் சாத்திவிட்டு வருவதாக ஏற்பாடு. சம்பந்தி வருகிறார் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விடுகிற வம்சமா அவளுடையது?

கடை முழுக்கக் கோட்டு. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பனிக்காலக் கோட்டு. ராத்திரியில் ஆந்தைக்கும் வியர்க்கிற ஊரில் இதை யார் வாங்குவார்கள் என்று ஒருகாலத்தில் அவளும் சிரித்தவள்தான். கொரியத் தொடர்கள் வந்தன. அதற்குப் பிறகு அவள் சிரித்ததெல்லாம் கல்லாவைப் பார்த்துத்தான்.

"அக்கா, இது கம்பளியா?" என்று கேட்டாள் கல்யாணப் போட்டோவுக்குக் கோட்டுத் தேடி வந்த ஒருத்தி.

"கம்பளி மாதிரி."

"மாதிரின்னா?"

"படத்துல கம்பளி. உடம்புல பாலியெஸ்டர். நெசக் கம்பளியப் போட்டா போட்டோ எடுக்கறதுக்குள்ள உன் மாப்பிள்ளை மயக்கம் போட்டுடுவான் கண்ணு."

"நாங்க பேகியோ மலைக்குப் போய்த்தான் எடுக்கப்போறோம். ஆனா நாடகத்துல அவரு போட்டது இவ்வளவு நீளம் இல்லையே."

"ஆஸ்பத்திரி வாசல்ல அழுதாரே, அன்னிக்கு என்ன போட்டிருந்தாரு? நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

அந்தப் பெண் கண்ணை மூடி ஞாபகப்படுத்தினாள். அவள் கண்ணைத் திறப்பதற்குள் கோட்டு பையில் இருந்தது.

பெப்பாங்குக்குக் கதை தெரியும். முகம்தான் தெரியாது. டிவி அவள் முதுகுக்குப் பின்னால், மேல் அலமாரியில். அவள் கண் எப்போதும் துணியைத் தொடுகிற கைகள் மேல். திரும்பி நின்று நாடகம் பார்த்தால் நாலு ரவிக்கை நடந்து போய்விடும். பக்கத்துக் கடைக்காரி "ஏய் பெப்பாங், சட்டை மாறுது!" என்று கத்தினால் ஒரு நொடி திரும்புவாள். காலரைப் பார்ப்பாள், பொத்தானைப் பார்ப்பாள், திரும்பிக்கொள்வாள். அடுத்த வாரம் அதே காலர் அவள் கடையில் தொங்கும்.

மற்றதெல்லாம் காது வழியாகத்தான். நம் மக்கள் கொரியாக்காரனுக்கு டகாலோக் மொழியில் குரல் கொடுத்து, ஊர்ப் பெயரும் வைத்து ஓட்டுகிறார்கள். சியோலில் நிற்கிறவன் வாயைத் திறந்தால் மணிலாக்காரன் பேசுவான். மீன் விற்கிறவளிலிருந்து பாதிரியார் வரை எல்லாருக்கும் அந்தக் குரல்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி. பெப்பாங்குக்கு இன்னும் நெருக்கம். அவளுக்கு அவை முகமில்லாத சொந்தக்காரர்கள்.

மத்தியானம் வீடு திரும்பியபோது புருஷன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். ஹெர்மினியோ என்பது அவன் பெயர். ஊர் அதை மின்யோங் என்று சுருக்கியதில் கொரியாவில் பிறந்தவன் மாதிரி ஆகிவிட்டது. ஜீப்னி என்கிற பயணி வண்டி ஓட்டுகிற கை. நாடகத்தில் யாராவது விமான நிலையத்தில் ஓடினால் போதும், தோள் துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வான்.

"வெங்காயமா, நாடகமா?" என்றாள் பெப்பாங்.

"பொண்ண நெனச்சேன்."

"இப்பவே எதுக்கு அழற? நான் இன்னும் சரின்னு சொல்லவே இல்ல."

"நீ சரின்னு சொல்ல மாட்டியேன்னுதான் அழறேன் பெப்பாங்."

ரிசலின் கண்ணாடி முன்னால் நின்று புருவம் வரைந்துகொண்டிருந்தாள். கொரியாக்காரிகள் மாதிரி நேராக, வளைவே இல்லாமல். பெப்பாங் கதவில் சாய்ந்து நின்றாள்.

"கேக்கறேனே, ஏன் இந்தப் பறப்பு? வயித்துல ஏதும்..."

"அம்மா!"

"கேட்டாத் தப்பா? ஊரு கேக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கறேன்."

"ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா. ஜூன் நல்ல மாசம், அவ்வளவுதான்."

கையிலிருந்த பென்சில் நடுங்கவில்லை. கோடு நேராகத்தான் போனது. பெப்பாங் அதையும் கவனித்தாள்.

நாலு மணிக்கு வீட்டுக்குக் கீழே இருக்கிற பேக்கரி வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. முதலில் ஏறி வந்தது முறம். வாழையிலை விரித்து, மலை மாதிரி பன்சிட் நூடுல்ஸ் குவித்து, மேலே முட்டையும் எலுமிச்சையும் அடுக்கிய முறம். அதன் பின்னால் ஆர்வின். அவன் முறத்தை வைத்துவிட்டு பெப்பாங்கின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். நிமிர்ந்தவன் அதோடு விடவில்லை. இடுப்பை மடித்துக் கொரியாக்காரன் மாதிரி இன்னொரு கும்பிடு போட்டான்.

"ஒரு வீட்டுக்கு ஒரு மரியாதை போதும் தம்பி. மிச்சத்த வெச்சுக்கோ, பின்னால தேவைப்படும்."

"சரிங்க அத்தை" என்று அதற்கும் ஒரு கும்பிடு போட்டான்.

கடைசியாக அப்பா வந்தார். லியாண்ட்ரோ காசிபிட். ஒல்லியான ஆள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மேஜை அடுப்பு ஒன்று, பன்றி இறைச்சித் துண்டுகள் அடுக்கிய டப்பா. மேஜையிலேயே சுட்டுச் சாப்பிடுவது ரிசலினின் ஆசையாம். மனைவி தவறிப் பத்து வருஷம் ஆகிறதாம். இதையெல்லாம் ஆர்வின்தான் சொன்னான். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பேசாத ஆள் வாங்க வருகிறவனாக இருந்தால் நல்லது. விற்க வருகிறவன் பேசாமல் இருந்தால்? பெப்பாங் எதிரில் உட்கார்ந்து அவரை அளந்தாள். சட்டை மொடமொடப்பு. செருப்பு பழசு. அடிக்கடி தண்ணீர் குடிக்கிறார். ஒவ்வொரு முறையும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு குடிக்கிறார், கொரியாக்காரன் பெரியவர்கள் முன்னால் மது குடிக்கிற மாதிரி. பச்சைத் தண்ணீருக்கு என்ன மறைவு?

மின்யோங்கால் மௌனத்தைத் தாங்க முடியாது. "சரி, வந்த விஷயத்த..." என்று எடுத்துக் கொடுத்தான்.

லியாண்ட்ரோ தம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். நெஞ்சைக் கொஞ்சம் விரித்துக்கொண்டார்.

"உங்க பொண்ண என் சொந்தப் பொண்ணு மாதிரி பாத்துக்குவேன்."

பெப்பாங்கின் பிடரி சிலிர்த்தது.

தேன் தடவிய அடித்தொண்டைக் குரல். ஒவ்வொரு வார்த்தையும் பட்டுத்துணியில் சுற்றி வைத்த மாதிரி வந்தது. இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எங்கே என்று தெரியவில்லை. ஆனால் ஒரு கோபம் தானாக எழுந்து நின்றுகொண்டது. முகத்தை மறப்பாள், பெயரை மறப்பாள். ஏமாற்றின குரலை மறக்கிறவளுக்குச் சந்தையில் இடமில்லை.

"நல்ல வார்த்தை" என்றாள், சிரித்த முகம் மாறாமல். "இன்னொரு தடவ சொல்லுங்க சார், எங்க வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எனக்கா?" என்றான் மின்யோங்.

லியாண்ட்ரோ இன்னொரு தடவை சொன்னார். அதே தேன். அதே சிலிர்ப்பு.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி இசித்ரோவுக்குக் கொரியாவில் தொழிற்சாலை வேலை வாங்கித் தருவதாக ஒருவன் போனிலேயே பேசிப் பேசி மயக்கினான். தெருவெல்லாம் பூ உதிரும் என்று நாடகத்தில் பார்த்துவிட்டு இசித்ரோவும் இருந்த மோட்டார் சைக்கிளை விற்றுக் கொடுத்தான். பூவும் உதிரவில்லை, ஆளும் அகப்படவில்லை. அந்தப் போக்கிரியின் குரலை பெப்பாங் ஒரே ஒரு தடவை ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள். மரியாதையான குரல். அடித்தொண்டை.

"சாதம் அடிபிடிச்ச வாசனை வருது" என்று எழுந்தாள்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். கையெல்லாம் மீன் சாறு. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, ஒலியைக் குறைத்து, அடுப்புத் திண்டில் வைத்தாள்.

"இசித்ரோ, சத்தம் போடாதே. உன்ன ஏமாத்தினானே ஒருத்தன், அவன் குரல் ஞாபகம் இருக்கா?"

"தூக்கத்துல கேட்டாலும் செருப்பக் கழட்டுவேன் அக்கா. ஏன்?"

"அவன் என் வீட்ல உக்காந்து பன்சிட் தின்னுட்டிருக்கான்."

"என்னாது!"

"கத்தாதடா. போன பையில போட்டு எடுத்துட்டுப் போறேன். நான் பேச்சு குடுக்கறேன். நீ கேட்டுட்டுச் சொல்லு. மூச்சு விடக் கூடாது."

போனை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாதத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி திரும்பினாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோனாள்.

மேஜையில் இறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. ரிசலின் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, கீரை இலையில் மடித்து, வருங்கால மாமனாரின் தட்டில் வைத்தாள். இரண்டு கையால் வைத்தாள். சொந்த அம்மாவுக்கு ஒரு கையால்கூட வைத்ததில்லை.

பெப்பாங் லியாண்ட்ரோவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஒட்டி உட்கார்ந்தாள். பை அவர் பக்கம் இருக்கும்படி.

"சார், உங்க வேலை என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே."

ஆர்வின் குறுக்கே விழுந்தான். "அப்பா மண்டாலுயோங்ல..."

"நீ சாப்பிடு தம்பி. சார் சொல்லட்டும்."

லியாண்ட்ரோ ரிசலினைப் பார்த்தார். ரிசலின் இறைச்சியைப் பார்த்தாள். இந்தப் பார்வைப் பரிமாற்றம் பெப்பாங்குக்குப் பிடிக்கவில்லை.

"ஆபீஸ் மாதிரிதாம்மா" என்றது தேன்குரல். "நாலு சுவர், ஒரு நாற்காலி. பேச்சுதான் தொழில். நம்பிக்கைதான் முதல்."

இதைவிட ஒரு மோசடிக்காரன் எப்படித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான்? பெப்பாங்கின் கை மேஜைக்கடியில் சாதக் கரண்டியை இறுக்கியது.

அந்த நேரம் பார்த்து அவள் பை சிரித்தது.

சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பல்ல. முதலில் ஒரு கனைப்பு, பிறகு ஒரு கேவல், அப்புறம் அடக்க முடியாத கூத்து. "அக்கா! ஐயோ அக்கா! இது அவன் இல்ல! இது டான் அர்செனியோக்கா! 'வெண்பனி வாரிசு' டான் அர்செனியோ! அந்த நாய்ப்பய! சாகக் கிடந்தவன்கிட்ட கைநாட்டு வாங்கிட்டு, அனாதைப் பொண்ண மழையில தள்ளினானே, அவன்! உன் வீட்டுக்கு எதுக்கு வந்தான்?"

பெப்பாங் பைக்குள் கைவிட்டு எதை எதையோ அமுக்கினாள். ஒலி இன்னும் கூடியது. "அக்கா, கையெழுத்து மட்டும் போட்டுடாத!"

ஒருவழியாகப் போன் அடங்கியது. அடுப்பில் இறைச்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மின்யோங் மெல்ல எழுந்தான். ஜீப்னியைக் குறுக்கே நிறுத்தி அடிதடிக்கு இறங்கும்போது எழுவானே, அந்த எழுதல். ஆனால் முகமெல்லாம் மலர்ச்சி.

"நீங்களா? டான் அர்செனியோ நீங்களா? ஐயா! நான் உங்கள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? வண்டியில வர்ற ஜனம் மொத்தமும் திட்டியிருக்கு!"

"தெரியும்" என்றார் லியாண்ட்ரோ, அடக்கமாக. "ஒரு தடவ உங்க வண்டி மாதிரி ஒண்ணுலதான் ஒரு அம்மா என்னைக் குடையால அடிச்சாங்க. 'இறங்கணும், நிறுத்துங்க'ன்னுதான் சொன்னேன்."

"குரல் குடுக்கறவரா?" என்றாள் பெப்பாங். வார்த்தை மெதுவாக வந்தது.

"நாடகத்துக்குக் குரல் குடுக்கறவர்தாம்மா. டான், நல்ல டாக்டர், ஹீரோவோட அண்ணன் எல்லாம் இவர்தான்" என்றாள் ரிசலின். "மீன்காரி அவருக்கு அழுகின மீனாத்தான் போடுவா. அதனால வெளிய சொல்லிக்கறதில்ல. உனக்கோ அந்தக் குரல் கேட்டாலே ஆகாது. கடையில டிவி மேல செருப்ப வீசினியே, மறந்துட்டியா? அதான் நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"நீ சொல்ல வேணாம்னே."

"ஆமா."

"என்கிட்ட ஒரு வாரமா 'ஏதோ ஆபீஸ்'னு சொன்னே. கண்ணு இமைக்காம."

ரிசலின் கத்தரிக்கோலை எடுத்து இன்னொரு துண்டை வெட்டினாள். மின்யோங்குக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்து லியாண்ட்ரோவின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"ஐயா, அந்த நல்ல டாக்டரும் நீங்கதானாமே? பொண்ணு சொல்றா. ஹீரோவோட அண்ணனும் நீங்கதானாம். ஒரு வரி டாக்டர் குரல்ல சொல்லுங்களேன். 'பயப்படாதம்மா, விடிஞ்சிடும்'னு. ஒரே வரி."

"இன்னிக்கு வேணாமே."

"ஒரே ஒரு வரி ஐயா!"

"அப்பா டயர்டா இருக்காரு மாமா" என்றான் ஆர்வின், கொஞ்சம் சத்தமாகவே.

பெப்பாங்கின் காது நிமிர்ந்தது. திருடன் இல்லை என்று தெரிந்த பிறகு அவளுக்கு வர வேண்டிய நிம்மதி வரவில்லை. அலமாரி நிறையச் சரக்கு இருக்கிறது என்கிற கடைக்காரன் ஒரே துணியை மட்டும் திரும்பத் திரும்ப விரித்துக் காட்டினால் என்ன அர்த்தம்? மற்றதெல்லாம் கிழிசல் என்று அர்த்தம்.

"சார்" என்றாள். "அந்த டான் சொன்னத நான் நம்பறதா இல்ல. அவன் யோக்கியதை ஊருக்கே தெரியும். நீங்க சொல்லுங்க. உங்க சொந்தக் குரல்ல. என் பொண்ண எப்படிப் பாத்துக்குவீங்க?"

"அத்தை, அப்பாவால..."

"தம்பி, நான் உன்கிட்ட கேக்கல."

லியாண்ட்ரோ தம்ளரைத் தேடினார். காலி. விரித்திருந்த நெஞ்சு மெல்லத் தளர்ந்தது. சட்டை அவருக்குப் பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது. வாயைத் திறந்தார்.

வந்தது குரலே இல்லை. மழுங்கின கத்தரிக்கோலால் தகரத்தை வெட்டுகிற கீறல்.

"இதுதாம்மா. இப்ப இருக்கறது இவ்வளவுதான்."

மின்யோங்கின் கை அவர் தோளிலிருந்து தானாக இறங்கியது.

"தொண்டையில கட்டி" என்றது கீறல். "ஜூலையில வெட்டி எடுக்கறாங்க. அப்புறம் பேச்சு வருமா வராதான்னு டாக்டரே சத்தியம் பண்ண மாட்டேங்கறாரு. மேல் குரல் ஒண்ணொண்ணாப் போயிடுச்சு. ஹீரோ போனான். அண்ணன் போனான். நல்ல டாக்டர் போன மாசம் போனாரு. அடித்தொண்டையில இருக்கற அந்த அயோக்கியனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. பொண்ணு கேக்க வந்த எடத்துல இந்தக் கீறலோட வாயத் திறந்தா நீங்க என்ன நெனப்பீங்க? வேற வழியில்லாமதான் அவனக் கூட்டிட்டு வந்தேன்."

மின்யோங் துண்டை எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை அவனைக் கிண்டல் செய்ய பெப்பாங்குக்கு வாய் வரவில்லை. அவளுக்குள்ளும் ஏதோ இளகியது. ஆனால் கணக்குப் போடுகிற இடம் வேறு, இளகுகிற இடம் வேறு.

"ஜூலையில ஆபரேஷன். ஜூன்ல கல்யாணம்" என்றாள். "இப்பப் புரியுது இந்தப் பறப்பு. என் பொண்ணு உங்க வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சிக் குடுக்கணும். அதுதானே? நேராக் கேட்டிருக்கலாமே சார். நான் ஒண்ணும் கல்லு இல்ல."

லியாண்ட்ரோ மகனைப் பார்த்தார். பிறகு ரிசலினைப் பார்த்தார். இரண்டு பேரும் குனிந்திருந்தார்கள்.

"இன்னுமா சொல்லல?" என்றார்.

அடுப்பில் ஒரு துண்டு கரிந்தது. யாரும் அதைப் புரட்டவில்லை.

"உங்க பொண்ணு என் வீட்டுக்கு வரலம்மா. ரெண்டு பேரும் கொரியாவுக்குப் போறாங்க. மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிட்டாங்க, ரெண்டு பேரும். தொழிற்சாலை வேலை. எனக்குத் தெரிஞ்சு உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது." மூச்சு வாங்கினார். "இங்க மிச்சம் நிக்கப்போறது நான் ஒருத்தன்தான்."

பெப்பாங் எத்தனையோ பமன்ஹிகான் பார்த்திருக்கிறாள். பெண் கேட்டு வருவார்கள், தேதி கேட்டு வருவார்கள், சில பேர் மன்னிப்புக் கேட்டும் வருவார்கள். அப்பனைக் கொடுத்துவிட்டுப் போக ஒரு கூட்டம் படியேறி வந்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"ரிசலின்."

"அம்மா."

"பரீட்சை எப்ப எழுதினே?"

"பிப்ரவரில."

"கல்யாணப் பேச்சு எப்ப வந்துச்சு?"

"மார்ச்சுல."

"ஓ. மொதல்ல டிக்கெட்டு. அப்புறம்தான் மோதிரம்." பெப்பாங் ஆர்வின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு கும்பிடு போட்டாலும் இனித் தப்ப முடியாது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "ஏன்டா தம்பி, இது யார் போட்ட திட்டம்? உங்க அப்பாவ எங்க தலையில கட்டிட்டு, இருக்கற ஒரே பொண்ண ஏரோப்ளேன்ல ஏத்திக்கிட்டுப் போகலாம்னு எந்த நாடகத்துல பாத்தே?"

ஆர்வின் வாயைத் திறந்தான். ரிசலின் முந்திக்கொண்டாள்.

"அவரு இல்லம்மா. மாமாவும் இல்ல. என்னோட யோசனை."

கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். நிமிர்ந்து அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகாமப் போறேன்னா நீ விடமாட்டே. அவங்க அப்பாவத் தனியா விட்டுட்டு ஆர்வின் கிளம்ப மாட்டாரு. ரெண்டு முடிச்சையும் ஒரே இழுப்புல அவிழ்க்க வழி பாத்தேன். மேல் ரூம் சும்மாதான் கிடக்கு, மாமா அங்க இருக்கட்டும். நம்ம அப்பாவுக்கு நாடகம் பாக்க ஒரு துணை வேணும். உனக்குக் கடையில நம்பிக்கையா உக்கார ஆள் வேணும், ஆறு மாசமாச் சொல்லிட்டிருக்கே. துணியத் தொடற கையப் பாக்கறதுக்குக் குரல் எதுக்கு? கண்ணு போதும். நானும் ஆர்வினும் மாசாமாசம் அனுப்புவோம். யாருக்கும் நஷ்டமில்லாமதான் யோசிச்சிருக்கேன். நீ நிதானமா யோசிம்மா, இன்னிக்கே பதில் சொல்லணும்னு இல்ல. என்ன, ஜூன் தாண்டினா கோயில்ல தேதி கிடைக்காது. அவ்வளவுதான்."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. முதலில் லாபத்தைக் காட்டியது. பிறகு அவசரமில்லை என்று தட்டிக்கொடுத்தது. கடைசியில், போகிற போக்கில், ஒரு கெடுவை நழுவவிட்டது.

இந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று பெப்பாங் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் சந்தையில், தன் கடை வாசலில், தன் வாயிலிருந்தே கேட்கிறாள். ஒரு வாரமாக ஊரெல்லாம் தேடிய ஏமாற்றுக்கார ஆள் அவள் வீட்டுச் சோற்றைத் தின்று, அவள் எதிரிலேயே நேராகப் புருவம் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கோபமா, பெருமையா, இல்லை இரண்டுக்கும் நடுவில் வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. மின்யோங் துண்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான். லியாண்ட்ரோ மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், எழுந்து போகச் சொல்வார்களோ என்று காத்திருக்கிறவரைப் போல.

பெப்பாங் அடுப்பை அணைத்தாள். முறத்தை ஒரு பக்கமாகத் தள்ளினாள். மகளுக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி" என்றாள். "உன் விலைய நீ சொல்லிட்டே. இனிமே நான் சொல்றேன். உக்காரு."